ஒன்பது நாள் சத்து மாத்திரை

என் மகளுக்கு ஒன்பது நாள் என்னுடைய ரத்த அழுத்த மாத்திரையைக் கொடுத்தேன். சத்து மாத்திரை என்று சொல்லிக் கொடுத்தேன். அவள் ஒருநாள்கூட எதற்கு என்று கேட்கவில்லை. காலையில் காப்பிக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டினாள். நான் வைத்தேன். விழுங்கினாள். இருபத்திரண்டு வயதுப் பெண் இன்னும் அம்மா கையிலிருந்து வாங்கி விழுங்குகிறாளே என்று அப்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இதை எழுத ஒரு காரணம் உண்டு. எங்கள் சொந்தக்காரர்களிடம் இந்தக் கதை இப்போது வேறு மாதிரி பரவியிருக்கிறது. அந்தக் கதையில் நான் பெரிய கெட்டிக்காரி.

எங்கள் குடும்பத்தில் மாத்திரை என்பது சீப்பு, கத்தரிக்கோல் போலப் பொதுச் சாமான். என் கணவருக்கு மார்க்கெட் பக்கம் கருப்பட்டி மொத்த வியாபாரம். சரக்கு உடன்குடியிலிருந்து வரும். கல்லாப் பெட்டிக்குக் கீழே உள்ள டிராயரில் தலைவலிக்கு ஒன்று, வயிற்றுப் போக்குக்கு ஒன்று, எதற்கென்று யாருக்கும் ஞாபகமில்லாத சிவப்பு மாத்திரை ஒன்று என்று வைத்திருப்பார். மூட்டை இறக்க வருகிறவர் "அண்ணாச்சி, மண்டை இடிக்குது" என்றால் இவர் டிராயரைத் துழாவி எடுத்துக் கொடுப்பார். அவரும் வாங்கி விழுங்கிவிட்டு மூட்டை தூக்குவார். இதுவரை யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. எங்கள் வீட்டில் மருத்துவ ஆராய்ச்சி என்பது அவ்வளவுதான்.

நான் அதைக் கேலி செய்கிறவள். பி.காம். படித்திருக்கிறேன். துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் இருபது வருடமாக ஆவணம் பார்க்கிறேன். கண்டெய்னருக்குள் என்ன இருக்கிறது என்று பார்ட்டி எழுதிக் கொடுப்பதும் உள்ளே நிஜமாக இருப்பதும் ஒன்றுதானா என்று சரிபார்ப்பது என் வேலை. முந்திரி என்று எழுதியிருந்தால் உள்ளே முந்திரி இருக்க வேண்டும்.

மகள் பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்தாள். பேங்குப் பரீட்சை எழுதுவாள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தபோது ஒரு கப்பல் கம்பெனியின் தேர்வை எழுதி, கப்பல் அதிகாரியாவதற்கான டெக் கேடட் பயிற்சிக்குத் தேறிவிட்டாள். சேருவதற்கு முன் மெடிக்கல். கப்பல்காரர்களுக்கென்று சான்றிதழ் கொடுக்கும் டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனேன். கண் சரி, காது சரி, ரத்தம் சரி. ரத்த அழுத்தம் 170க்கு 110. அவர் இரண்டு கையிலும் மாற்றி மாற்றி மூன்று தடவை எடுத்தார்.

"டென்ஷனா இருக்கியாம்மா?"

"இல்ல சார்."

"அப்ப நான்தான் டென்ஷன் ஆகணும். பத்து நாள்ல ஒரு பிசிஷியனைப் பாத்துட்டு மறுபடியும் வா."

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் சந்தோஷத்தை மறைக்க முயற்சி செய்யவில்லை. "பொம்பளப்புள்ளைக்கு எதுக்குட்டி கப்பலு? கடவுளே பாத்து பி.பி.ய ஏத்தி விட்டிருக்காரு" என்றார்.

"கடவுளுக்கு வேற வேல இல்லியாப்பா?" என்றாள் மகள்.

அவளைக் கப்பலுக்கு அனுப்ப வேண்டும் என்று வீட்டில் ஆசைப்பட்ட இரண்டு பேரில் நான் ஒருத்தி. தினமும் ஜன்னல் வழியே கப்பல்களின் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டு அவை எங்கே போகின்றன என்று டைப் அடிக்கிறவள் நான். ஒன்றிலும் ஏறியதில்லை.

பிசிஷியனிடம் போகவில்லை. போனால் அவர் ஒரு சீட்டில் ரத்த அழுத்த நோயாளி என்று எழுதுவார். காகிதத்தில் ஏறிவிட்ட எதையும் இறக்குவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். டென்ஷன்தான், பத்து நாளில் இறங்கிவிடும், இறங்காவிட்டால் சற்று இறக்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். எனக்கே நான்கு வருடமாக அழுத்தம் உண்டு. என் மாத்திரை எனக்கு நன்றாகவே கேட்கிறது. எனக்குக் கேட்பது என் மகளுக்குக் கேட்காதா?

வீட்டில் பழைய மெஷின் ஒன்று இருந்தது. முதல் நாள் 168. ஐந்தாம் நாள் 154. ஒன்பதாம் நாள் 142. எனக்கு உள்ளுக்குள் ஒரே கும்மாளம். அந்த நாட்களில் அவள் இரண்டு தடவை, "கிறக்கமா இருக்கும்மா, ஒண்ணும் திங்கப் பிடிக்கல" என்றாள். சத்து உடம்பில் பிடிக்கக் கொஞ்ச நாள் ஆகும் என்று சொன்னேன்.

பத்தாம் நாள் கப்பல் டாக்டர் மெஷினைப் பார்த்தார், 146. அவளைப் பார்த்தார். "ஏன் இவ்வளவு சோர்ந்து போயிருக்க?" என்று கேட்டு, ரத்தத்தை மறுபடியும் எடுக்கச் சொன்னார். சாயங்காலம் அவரே போன் செய்தார். கிரியாட்டினின் என்று ஒரு கணக்கு உண்டு. சிறுநீரகம் ரத்தத்தை ஒழுங்காகச் சுத்தம் செய்கிறதா என்று காட்டுவது. ஏற ஏற ஆபத்து. பத்து நாள் முன்னால் அது 0.8. அன்று 2.6. "இப்பவே அட்மிட் பண்ணுங்க" என்றார்.

சிறுநீரக டாக்டர் என்னைவிட இளையவர். வேகமாக நடந்து வந்து, நின்று, மெதுவாகப் பேசுகிறவர். கட்டிலின் ஒரு பக்கம் நான், மறுபக்கம் என் கணவர், கால்மாட்டில் பேனாவோடு ஒரு நர்ஸ். டாக்டர் கேள்வி கேட்கத் தொடங்கினார். வலி மாத்திரை ஏதாவது? இல்லை. நாட்டு மருந்து, லேகியம்? இல்லை. ஜிம்முக்குப் போகிறவர்கள் குடிக்கும் புரோட்டீன் பவுடர்? இல்லை.

"வேற ஏதாவது மாத்திரை?"

"சத்து மாத்திரை மட்டும் டாக்டர். அம்மா குடுத்தாங்க" என்றாள் மகள்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "என்ன சத்து மாத்திரைம்மா?"

நர்ஸ் பேனாவைத் தாளில் வைத்துக் காத்திருந்தாள். மகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சாதா பி காம்ப்ளக்ஸ்தான்" என்றேன்.

எழுதிக்கொண்டார்கள். அழுத்த மாத்திரை அழுத்தத்துக்குத்தானே, சிறுநீரகம் வேறு டிபார்ட்மென்ட் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். படித்தவள்.

அடுத்த இரண்டு நாள் எல்லாரும் காரணம் தேடினார்கள். ஸ்கேனில் சிறுநீரகங்கள் பார்க்க நன்றாகவே இருந்தன. சிறுநீரில் பெரிய கோளாறு இல்லை. மாத்திரை நின்றுபோனதால் அழுத்தம் திரும்பவும் 180க்கு ஏறியது. டாக்டர் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். என் கணவரும் தன் பங்குக்குக் காரணம் தேடினார். முதலில் கார்ப்பரேஷன் தண்ணீர் என்றார். பிறகு, "காலேஜ் படிக்கையில ராத்திரி ராத்திரி பொரிச்ச பரோட்டா தின்னால்ல, அதான்" என்றார்.

"யப்பா, பரோட்டாதான் காரணம்னா தூத்துக்குடில பாதிப் பேரு இங்கனதான் படுத்திருக்கணும்."

நான் சிரிக்கவில்லை. எனக்கு ஒரு காரணம் தெரிந்திருக்குமோ என்ற சந்தேகம் இரண்டாம் நாள் மத்தியானம் வந்துவிட்டது. என் போனில் மாத்திரையின் பெயரைப் போட்டுத் தேடிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். தேடவில்லை. தேடினால் தெரிந்துவிடும்.

மூன்றாம் நாள் காலை டாக்டர், காரணம் பிடிபடாததால் முதுகுப் பக்கம் ஊசி செலுத்திச் சிறுநீரகத்திலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். அழுத்தம் சற்று இறங்கியதும் மறுநாளே செய்யலாம். நர்ஸ் சம்மதப் படிவத்தைக் கொண்டுவந்தாள். மகளோடு வீட்டார் ஒருவரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். எந்தத் தாளையும் படிக்காமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை. படித்தேன். ரத்தக் கசிவு ஏற்படலாம். ரத்தம் ஏற்ற வேண்டி வரலாம். மிக அரிதாக, சிறுநீரகத்தையே எடுக்க வேண்டி வரலாம். அதற்கு மேலே ஒரு கட்டம். நோயாளி உட்கொண்ட மருந்துகள்: பி காம்ப்ளக்ஸ். தகவல் தந்தவர்: தாய்.

பேனாவை மூடி நர்ஸிடமே கொடுத்தேன்.

"என்னக்கா, பயமா இருக்கா? எல்லாரும் போடுத கையெழுத்துதான்."

"டாக்டரப் பாக்கணும்."

"அவங்க ரவுண்ட்ஸ்ல இருக்காங்களே."

"பாத்துட்டுத்தான் போடுவேன்."

டாக்டர் அரை மணி நேரத்தில் வந்தார். வெளியே போய்ப் பேசலாமா என்று கேட்டேன்.

"உங்க பொண்ணுக்கு இருபத்திரண்டு வயசு. அவளுக்குத் தெரியாம இங்க பேசறதுக்கு ஒண்ணும் இல்லை. சொல்லுங்க."

கைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினேன். மருந்துக் கடையில் கத்தரித்துக் கொடுத்த துண்டு அது. பெயரில் கடைசி எழுத்துகள் மட்டும் மிச்சம் இருந்தன. முழுப் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன். "இந்த வகைக்கெல்லாம் பேரு இப்படித்தான் முடியும். இது போதும்மா" என்றார். "எத்தனை நாள்?"

"ஒம்பது."

"நீங்க போடுற அளவா?"

"ஆமா."

"ஏளா, என்ன மாத்திர? எதுக்குக் குடுத்த?" என்றார் என் கணவர்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் எதையாவது பதிலுக்குச் சொல்லி அழுதிருப்பேன். அவர் நேராக மகளிடம் போய், சட்டையைச் சற்று விலக்கச் சொல்லி, தொப்புளுக்கு மேலே வலதும் இடதுமாக ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். நெடுநேரம் கேட்டார்.

"நான் கேக்கலாமா டாக்டர்?" என்றாள் மகள்.

அவர் கழற்றி அவள் காதில் மாட்டினார். அவள் தன் வயிற்றைத் தானே கேட்டாள்.

"சைக்கிளுக்குக் காத்தடிக்கிற மாதிரி இருக்கு."

"சுருங்கின குழாயில ரத்தம் போற சத்தம் அது."

அவள் அதைக் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்ப அது சத்து மாத்திரை இல்லியாம்மா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

டாக்டர் விளக்கிச் சொன்னார். சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் சுருங்கியிருக்கிறது. போதுமான ரத்தம் வராததால் உடம்பிலேயே ரத்தம் குறைந்துவிட்டது என்று சிறுநீரகம் தப்பாக நினைத்துக்கொண்டு அழுத்தத்தை ஏற்றச் சொல்கிறது. உடம்பும் ஏற்றுகிறது. அப்படி ஏற்றித்தான் அது தன் சுத்திகரிப்பு வேலையை எப்படியோ ஓட்டிக்கொண்டிருந்தது. நான் கொடுத்த மாத்திரை அந்த ஏற்பாட்டைத் தளர்த்திவிட்டது. மற்றவர்களுக்கு அது நல்ல மாத்திரை. சொல்லப்போனால் சிறுநீரகத்தையே காப்பாற்றும் மாத்திரை. இரண்டு பக்கமும் குழாய் சுருங்கியவர்களுக்கு மட்டும் ஆகாது.

"அப்ப எனக்கு ரெண்டு பக்கமுமா?" என்றாள் மகள்.

"அப்படித்தான் நினைக்கிறேன். பாத்துருவோம்." பிறகு என்னிடம், "ஒரு காலத்துல இதே வகை மாத்திரை ஒண்ணக் குடுத்துப் பாத்துத்தான் இந்த நோயைக் கண்டுபிடிச்சாங்க. நீங்க யாரையும் கேக்காமச் செஞ்சுட்டீங்க" என்றார். "இதை நான் பாராட்டாச் சொல்லல."

ஊசி ரத்தானது. ரத்தக் குழாய்களுக்கான ஸ்கேனில் இரண்டு பக்கமும் சுருக்கம் தெரிந்தது, வலப்பக்கம் அதிகம். கொழுப்பு அடைப்பு இல்லையாம். குழாயின் சுவரே இளம் வயதில் சிலருக்கு, அதுவும் பெண்களுக்கு அதிகமாக, இப்படித் தடித்துச் சுருங்குமாம். ஏன் என்று யாருக்கும் சரியாகத் தெரியாதாம். பரோட்டாவால் இல்லை என்பது உறுதியானது. கிரியாட்டினின் இறங்கும்வரை ஐந்தாறு நாள் காத்திருந்து, பிறகு பலூன் வைத்து விரிக்கலாம் என்றார் டாக்டர். இறங்குமா என்று கேட்டேன். இறங்க வேண்டும் என்றார். அந்தக் கேள்விக்கும் அந்த விடைக்கும் நடுவில் ஆறு நாள் உட்கார்ந்திருந்தேன்.

மகள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். கோபத்தைக் காட்டும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. அப்பா வழியாகப் பேசினாள். "யப்பா, அவியட்ட அந்தத் தண்ணி பாட்டில எடுக்கச் சொல்லுங்க." நான் பாட்டிலுக்குப் பக்கத்திலேயே இருப்பேன். பத்துக்குப் பத்து அறையில் என் கணவர் செய்தியைக் கொண்டுவந்து சேர்ப்பார். "ஏளா, தண்ணி கேக்கா." ஒருநாள் நர்ஸ் காலை மாத்திரையோடு வந்தபோது, "இது என்னன்னு பி காம்ப்ளக்ஸ் குடுத்தவியட்ட காட்டிக் கேட்டுக்கலாமா சிஸ்டர்?" என்றாள். நர்ஸுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

என் கணவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வராந்தாவுக்கு என்னைக் கூப்பிட்டு, "நானும் ரெண்டு மூணு தடவ உன் மாத்திரய எடுத்துப் போட்டிருக்கேன்ளா, தல சுத்தையில. எனக்கு எதாவது ஆயிருக்குமா?" என்றார். டாக்டரிடம் சொன்னேன். அவர் இவருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். இவருக்கு எல்லாம் சரியாக இருந்தது.

மகளுக்கு 2.4, 1.9, 1.6 என்று இறங்கி, ஆறாம் நாள் 1.3. மதுரையிலிருந்து வாரம் இரண்டு நாள் வந்துபோகும் டாக்டர் ஒருவர்தான் பலூன் வைக்கிறவர். மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். வயிற்றைக் கிழிப்பது கிடையாது. தொடை இடுக்கில் உள்ள ரத்தக் குழாயில் ஊசியால் ஒரு சிறு துளை. அதன் வழியே மெல்லிய குழாய் ஒன்றை மேலே செலுத்தி, சுருங்கிய இடத்தில் ஒரு கம்பியைத் தாண்டவிட்டு, கம்பி மேலேயே சுருட்டிய பலூனை அனுப்பி, ஊதி, விட்டு, எல்லாவற்றையும் உருவிக்கொள்ள வேண்டியதுதான். தையல்கூட இல்லை.

"அடைச்ச சாக்கடையில கம்பிய விட்டுக் குத்துவாகள்லா, அது மாதிரியா?" என்றார் என் கணவர்.

"குத்த மாட்டோம் அண்ணாச்சி. உள்ளருந்து விரிப்போம்."

"ஸ்பிரிங் வைப்பாகளே, அது?"

"ஸ்டென்ட்டா? இந்த வகைக்குப் பெரும்பாலும் பலூனே போதும். கிழிஞ்சாத்தான் ஸ்டென்ட்."

அதற்குப் பிறகு அவர் இன்னும் பத்து நிமிடம் பேசினார். எனக்கு 'கிழிஞ்சா' என்பதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். போகுமுன் நர்ஸ் மறுபடியும் மருந்துகளைப் பற்றிக் கேட்டபோது மகளே பதில் சொன்னாள். என் பக்கம் யாரும் திரும்பவில்லை. காத்திருக்கும் கூடத்தில் டிவியில் ஒரு அம்மாள் வாழைப்பூ வடை செய்துகொண்டிருந்தார். அதற்கு என்னென்ன சாமான் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன்.

பாதியில் எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். கூப்பிட்டதும் கிழிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒரு திரை. அந்தப் பக்கம் பச்சைத் துணிக்கு அடியில் என் மகளின் பாதங்கள் மட்டும் தெரிந்தன. கட்டைவிரல் ஆடிக்கொண்டிருந்தது. திரையில் கறுப்பாக ஒரு குழாய், இடையிடையே இறுகியும் உப்பியும் போனது.

"மணி கோத்த மாதிரி இருக்கு பாத்தீங்களா? புத்தகத்துலயும் மணிமாலைன்னுதான் போட்டிருக்கும். உங்க ஊருக்கு முத்துமாலைன்னு வச்சுக்குவோம்" என்றது ஒலிபெருக்கியில் டாக்டரின் குரல்.

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து இருபத்துநாலு வருடம். இந்த ஊர் முத்து என்று ஒன்றை நான் கண்ணால் பார்த்ததில்லை. நகைக் கடையில் கேட்டால் ஹைதராபாத் சரக்கு என்பார்கள். முதன்முதலாகப் பார்த்தது என் மகளின் வயிற்றுக்குள்.

"வலது பக்கம் ஊதப் போறேன். வலிக்குதாம்மா?"

"லேசா. விலாவுல."

"ஊதுறவரைக்கும்தான். இந்தா, விட்டாச்சு."

திரையில் மணிகள் கலைந்து ஒரே குழாயாகத் தெரிந்தது. கிழியவில்லை. மூலையில் அழுத்தம் 172 என்று இருந்தது, கொஞ்ச நேரத்தில் 150 ஆனது. என் கணவர் என் முழங்கையைப் பிடித்திருந்தார். அது கன்றிப்போனதை மறுநாள்தான் பார்த்தேன். இடப்பக்கமும் முடித்தபோது 134. மொத்தம் ஒன்றே கால் மணி நேரம்.

அறைக்குக் கொண்டுவந்தபோது வலது காலை ஆறு மணி நேரம் மடக்கக் கூடாது, தலையைத் தூக்கக் கூடாது என்றார்கள். தொடைமேல் மணல் மூட்டை ஒன்றை வைத்தார்கள். என் கணவர் கடையைத் திறக்கப் போய்விட்டார். செய்தி கொண்டுவர ஆள் இல்லை. அவள் மேலே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"யம்மா, முதுகு அரிக்குது."

எட்டு நாளுக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் வார்த்தை. கையை அவள் முதுகுக்கும் மெத்தைக்கும் நடுவில் நுழைத்தேன்.

"கீழ. இன்னும் கீழ. அங்கன இல்ல, இங்கன."

சொறிந்தேன். கையை எடுக்கச் சொல்லவில்லை. எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

"எங்கிட்ட கேட்டிருந்தா நானே போட்டிருப்பேம்மா" என்றாள். "கப்பலுக்குப் போணும்னு எனக்குத்தான ஆசை. பொய் சொல்லி ஏன் குடுத்த?"

"டென்ஷன்தான்னு நினைச்சேன்."

"சரி. டாக்டர் கேக்கும்போது ஏன் சொல்லல?"

"பயம்."

"எனக்கு என்ன ஆகும்னா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் அவள் நம்பியிருப்பாள். "இல்லட்டி. எல்லாரும் என்னைய என்ன நினைப்பாவன்னு" என்றேன்.

அவள் திரும்பிப் படுத்துக்கொள்ள நினைத்திருப்பாள். திரும்பக் கூடாது என்று சொல்லியிருந்ததால் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாளில் வீட்டுக்கு வந்தோம். ஊசி போட்ட இடத்தில் கறுத்த தடம் ஒன்றைத் தவிர அவள் உடம்பில் எதுவும் இல்லை. ஒரு வாரத்துக்குள் கதை உடன்குடிவரைக்கும் போய்விட்டது. பரப்பியவர் என் கணவர். "பெரிய பெரிய டாக்டருக்கெல்லாம் பிடிபடல. எங்க வீட்டுக்காரி ஒரு மாத்திரையக் குடுத்துக் கண்டுபிடிச்சிட்டா" என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லியிருக்கிறார். நோய் என்று ஒன்று இருந்ததே வெளியே தெரிய வேண்டாம் என்று முதலில் சொன்னவர் இவர்தான். பெருமை என்று ஆனதும் ஒளிக்கத் தோன்றவில்லை.

என் நாத்தனார் போன் செய்தாள். "மைனி, எனக்கும் காலையில எந்திச்சா கிர்ருங்கு. நீங்க குடுத்தியளே, அந்த மாத்திர பேரு என்ன?"

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். ஒன்பது நாள், பி காம்ப்ளக்ஸ், ஊசி செலுத்த இருந்தது, எல்லாம். கேட்டுவிட்டு, "உங்களுக்கு எப்பவுமே அடக்கம் மைனி" என்றாள். "சரி, பேரச் சொல்லுங்க."

சொல்லவில்லை. அதில் அவளுக்கு இன்றுவரை வருத்தம்.

ஆறு வாரம் கழித்து ரத்தம் கொடுத்துவிட்டு முடிவுக்காக உட்கார்ந்திருந்தோம். ஜன்னலில் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் போய் வாங்கி, நின்றபடியே படித்தாள். மெதுவாகப் படித்தாள், அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

"0.9."

தாளை வாங்கி அவள் பெயரா, வயது சரியா, தேதி இன்றையதுதானா என்று பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. அங்கேயே, ஊசி போட்ட கைகளை மடக்கிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்த பத்துப் பன்னிரண்டு பேருக்கு நடுவில் அழுதேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, முடியும்வரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிறுநீரக டாக்டர் ஒரே ஒரு மாத்திரையை மட்டும், பாதி அளவில், தொடரச் சொன்னார். குழாய் திரும்பவும் சுருங்கலாம், சுருங்காமலும் போகலாம். ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன். சுருங்கினால் மறுபடியும் பலூன். கப்பலைப் பற்றி அடுத்த ஸ்கேனுக்குப் பிறகு பேசலாம் என்றார். பேசவே கூடாது என்று அவர் சொல்லவில்லை. கம்பெனிக்கு மகளே கடிதம் எழுதி, அடுத்த பயிற்சிப் பிரிவில் சேர அனுமதி கேட்டிருக்கிறாள். பதில் இன்னும் வரவில்லை.

தினமும் வீட்டில் அழுத்தம் பார்க்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. மகள் புதிதாக ஒரு மெஷின் வாங்கினாள். அதைத் தன் அறையில் வைத்திருக்கிறாள். காலையில் கதவைச் சாத்திக்கொண்டு அவளே பார்க்கிறாள், அவளே ஒரு நோட்டில் எழுதுகிறாள். நான் ஆபீசுக்குக் கிளம்பிச் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பேன். உள்ளே மெஷின் காற்றை விடும் சத்தம் கேட்கும். கதவைத் திறந்துகொண்டு வருவாள்.

"எவ்வளவு?"

"நல்லாத்தான் இருக்கு."

"நல்லான்னா எவ்வளவு?"

"நல்லான்னா நல்லா. நீ கிளம்பு, பஸ் போயிரும்."

கிளம்பிவிடுவேன்.